காற்று எந்தப் பக்கம்?

சுலைகாவைக் கோடை முகாமில் விட்டுவிட்டு, வந்த ஆட்டோவிலேயே வாப்பா திரும்பிப் போனார். ஆட்டோ கண்ணுக்கு மறையும்வரை அவள் அழவில்லை. மறைந்த பிறகும் அழவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குப் போய், தனக்குக் கொடுத்த பாயில் உட்கார்ந்த பிறகுதான் அழுதாள்.

மரக்காணத்தில், உப்பளங்களை ஒட்டி இருந்தது அந்தப் பெண்பிள்ளைகள் மதரசா. மே மாதம் முழுக்க அங்கேயே தங்க வேண்டும். குர்ஆன் ஓத வேண்டும், தொழுகைச் சட்டங்கள் படிக்க வேண்டும், நபிமார்களின் வரலாறு கேட்க வேண்டும். வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் சென்னை, புதுச்சேரி, திண்டிவனம் பக்கம். சுலைகா மட்டும் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம். மேற்குக் கடற்கரை ஊர். "அங்க விட்டா பிள்ளை நல்லா ஓதும்" என்று வாப்பாவிடம் ஒரு நண்பர் சொல்லப்போக, வாப்பாவும் அவளை ரயிலேற்றிக் கூட்டிவந்துவிட்டார்.

அவள் வந்து சேர்ந்தபோது மற்ற பிள்ளைகள் அஸர் தொழுகையை முடித்திருந்தார்கள். அது சாயங்காலத்துக்கு முந்திய தொழுகை. சுலைகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை, முகம், கால் கழுவி ஒளு செய்து, தலைமுக்காடாக மக்கனா போட்டுக்கொண்டு, தொழுகைப் பாயோடு மொட்டைமாடிக்கு ஏறினாள்.

கீழே வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்திகள். அவற்றைத் தாண்டிச் சவுக்குத் தோப்பு. அதையும் தாண்டி, நீலமாக ஒரு கோடு.

கடல்! அவளுக்குப் பாதித் துக்கம் அங்கேயே போய்விட்டது.

தொழும்போது மக்காவில் இருக்கும் கஅபாவின் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். அந்தத் திசைக்குக் கிப்லா என்று பெயர். தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளைகளிடம் கிப்லா எது என்று கேட்டால், யோசிக்காமல் கடலைக் கைகாட்டுவார்கள். அங்கே கடல் மேற்கே இருக்கிறது, மக்காவும் மேற்கே இருக்கிறது. உம்மா கடலைப் பார்த்துத்தான் தொழுவாள். சுலைகாவும் உம்மாவின் பக்கத்தில் நின்று நின்று அப்படியே பழகியவள்.

அதனால் இங்கேயும் கடலைப் பார்த்துப் பாயை விரித்தாள். நிம்மதியாகத் தொழுதாள். கடைசியில் சலாம் சொல்லித் தலையைத் திருப்பியபோது, மாடிப்படியில் ஒரு கூட்டமே நின்று சிரித்துக்கொண்டிருந்தது.

"ஏய், நீ யாரைப் பார்த்துத் தொழுதே? மீனையா?" என்று கேட்டாள் தபஸ்ஸும். சென்னைப் பெண். முகாமிலேயே நன்றாக ஓதுகிறவள், முகாமிலேயே நன்றாகக் கேலி செய்கிறவளும் அவள்தான்.

"கிப்லா பாத்துத்தான் தொழுதேன்."

"கிப்லா உன் முதுகுக்குப் பின்னால இருக்குதுடி!"

"கடல் அஞ்சதானே கெடக்கு?" என்று சுலைகா கைகாட்டினாள்.

"அதுக்கு?"

சிரிப்புச் சத்தம் கேட்டு மேலே வந்த ஆலிமா, அதாவது அவர்களுடைய ஆசிரியை, எல்லோரையும் கீழே துரத்தினார்.

"ஊர் மாறினா கடலும் பக்கம் மாறிடும்மா. உங்க ஊருக்கு மேற்கே, இந்த ஊருக்குக் கிழக்கே. பரவாயில்ல, இப்படித் திரும்பி நின்னு இன்னொரு தடவை தொழுதுக்கோ."

சுலைகா திரும்பி நின்று மறுபடி தொழுதாள். முகம் சுட்டது. போதாததற்கு, அவள் சஜ்தாவில் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்ததும் கடல்காற்று பின்னாலிருந்து வந்து மக்கனாவைத் தூக்கித் தலைக்கு முன்னால் போட்டது. ஊரில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே காற்று முகத்தில் அடிக்கும், மக்கனா சமர்த்தாகப் பின்னால் பறக்கும்.

இருட்டுவதற்குள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கடல்கன்னி.

சோறு வாங்கத் தட்டோடு போய் நின்றபோது, சமையல் செய்யும் மேரிசெல்வி அக்காகூட, "நீதான் அந்தக் கடல்கன்னியா? நல்லாதான் கீது பேரு!" என்று ஆசையாகக் கூப்பிட்டு ஒரு அப்பளம் கூடுதலாகப் போட்டார். அது கேலிப்பெயர் என்று பாவம், அவருக்குத் தெரியாது. சுலைகா அந்த அப்பளத்தைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறப்பதே குறைந்துபோனது. திறந்தால் 'இங்கே' என்பது 'இஞ்ச' என்றும், 'அங்கே' என்பது 'அஞ்ச' என்றும் வரும். அதற்கும் சிரிப்பார்கள். வகுப்பில் பதில் தெரிந்தாலும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அஸர் தொழுகையின்போது மட்டும் தினமும் அந்தக் காற்று வரும். பின்னாலிருந்து ஒரு தள்ளு, மக்கனா முன்னால். "இந்தக் காத்துக்கும் என்னைக் கண்டா கேலிதான்" என்று நினைத்துக்கொள்வாள்.

புதன்கிழமை, வீட்டுக்குப் போன் பேச விட்டார்கள்.

"வாப்பா, எனக்கு இஞ்ச பிடிக்கல. வந்து கூட்டிட்டுப் போங்கோ."

"என்ன மக்களே, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. வாங்கோ."

"சரி மக்களே. வெள்ளிக்கிழமை வாறேன்" என்றார். அன்றே சுலைகா தன் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வகுப்பில் ஆலிமா எடுத்த பாடம் என்ன தெரியுமா? கிப்லா தெரியாத இடத்தில் எப்படித் தொழுவது! எல்லோரும் ஒரே நேரத்தில் சுலைகாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"முதல்ல தெரிஞ்சவங்களைக் கேக்கணும். கேக்க ஆள் இல்லன்னா, சூரியன், நட்சத்திரம், காத்துன்னு எதை வெச்சாவது நேர்மையாத் தேடணும். தேடின பிறகும் தப்பாப் போனா, அல்லாஹ் அந்தத் தொழுகையை ஏத்துக்குவான்" என்றார் ஆலிமா.

அன்று பிற்பகல் உப்பளம் பார்க்கக் கிளம்பினார்கள். மேரிசெல்வி அக்காவின் கணவருக்கு அங்கேதான் வேலை. "மொதலாளிகிட்ட சொல்லியாச்சுங்க. இப்ப ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்க, விடியக்காலமே வந்து வெயிலுக்கு முன்னாடி போயிடுவாங்க. புள்ளைங்க நல்லாச் சுத்திப் பார்க்கட்டும்" என்று அக்கா வழி சொல்லி அனுப்பினார். எல்லோரும் ஒளு செய்துவிட்டே புறப்பட்டார்கள். ஆலிமா ஒரு ஜமுக்காளத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அங்கேயே மறந்துவிட்டார்.

உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி வரப்பு. வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். பாத்தி ஓரத்தில் படிந்திருந்த உப்பைப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டு நக்கிப் பார்த்தார்கள். உப்பு உப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த பாத்தியிலும் நக்கிப் பார்த்தார்கள்.

இடது, வலது, மறுபடி இடது என்று வரப்பு போன போக்கில் போய், ஒரு சிமெண்டுத் தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். உப்பைக் கொட்டி வைக்கிற இடம். சுற்றிலும் ஆள் உயரத்துக்கும் மேலே உப்புக் குவியல்கள், மேலே தார்ப்பாய் போர்த்தி. அவற்றைத் தாண்டிச் சாலையும் தெரியவில்லை, சவுக்குத் தோப்பும் தெரியவில்லை. வானம் முழுக்க மேகம். சூரியன் எந்த மூலையில் இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

"அஸர் நேரம் வந்துடுச்சு. இடம் சுத்தமா இருக்குது, இங்கேயே தொழுதுடலாம்" என்றார் ஆலிமா. ஜமுக்காளத்தை விரிக்கப் போனவர் அப்படியே நின்றார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"எனக்கே குழம்பிடுச்சும்மா. மேற்கு எது?"

ஒருத்தி அந்தக் குவியல் என்றாள். ஒருத்தி இந்தக் குவியல் என்றாள். சாலையிலிருந்து வந்த வழியை வைத்து ஒருத்தி விரலால் தரையில் கோடு போட்டாள், அதுவும் பாதியில் நின்றுபோனது.

"எனக்குத் தெரியும். நாம வந்து திரும்பினது அப்படி. அப்போ கிப்லா இப்படித்தான்" என்று தபஸ்ஸும் அழுத்தமாகச் சொல்லிவிட்டு, முன்னால் போய் நின்று காட்டினாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்களும் பின்னால் வரிசை சேர ஆரம்பித்தார்கள்.

சுலைகா அவளைப் பார்த்தாள். தபஸ்ஸுமின் மக்கனா அழகாகப் பின்னால் பறந்துகொண்டிருந்தது.

அந்த மாதிரி மக்கனா பறந்து அவள் பார்த்தது தேங்காய்ப்பட்டணத்தில்தான். அங்கே காற்று முகத்தில் அடிக்கும். இங்கே அஸர் நேரத்தில் காற்று முதுகில் அல்லவா அடிக்கும்? தினமும் பின்னாலிருந்து தள்ளி, மக்கனாவைத் தூக்கி முன்னால் போட்டுத் தொல்லை பண்ணியதே! அப்படியென்றால் தபஸ்ஸும் பார்த்து நிற்பது...

கடலை!

சுலைகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "யாரைப் பார்த்துத் தொழப்போறே, மீனையா?" என்று இப்போது சத்தமாகக் கேட்டால் எப்படி இருக்கும்! நாளைக்கு வாப்பா வந்துவிடுவார். போகிற நேரத்தில் கணக்கைத் தீர்த்துவிட்டே போகலாம்.

ஆனால் மொட்டைமாடியில் அன்று முகம் சுட்டது அவளுக்கு நினைவு வந்தது. இன்னும்கூடச் சுட்டது. அது வேறு யாருக்கும் வேண்டாம் என்று தோன்றியது.

அவள் தபஸ்ஸுமின் பக்கத்தில் போய் நின்று, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "தபஸ்ஸும், காத்து எங்க அடிக்குது பாரு."

"முகத்துல அடிக்குது. அதுக்கு என்ன?"

"மதரசால அஸர் தொழும்போ எங்க அடிக்கும்?"

தபஸ்ஸும் கண்ணை மூடினாள். மெல்ல ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி நின்றாள். காற்று அவள் முதுகில் ஒரு தள்ளு தள்ளி, மக்கனாவைத் தூக்கி முகத்தில் போட்டது.

"அய்யோ!" என்றாள் மக்கனாவுக்குள்ளிருந்து.

அதோடு விட்டிருக்கலாம். 'கொஞ்சம் திரும்பிக்கங்க' என்று தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லியிருக்கலாம். சுலைகாவும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் தபஸ்ஸும் மக்கனாவை ஒதுக்கிக்கொண்டு உரக்கச் சொன்னாள்.

"ஆலிமா, நான் காட்டினது தப்பு. நான் கடலைப் பார்த்து நின்னுட்டேன். சுலைகாதான் கண்டுபிடிச்சா. இந்த நேரத்துக்குக் காத்து கடல்லேர்ந்துதான் வரும், அது நம்ம முதுகுல படணும்."

ஆலிமாவும் திரும்பி நின்று பார்த்தார். அவர் மக்கனாவும் முன்னால் வந்து விழுந்தது. "ஆமாம்மா!" என்று வியந்துபோய், ஜமுக்காளத்தை இழுத்துத் திருப்பிப் போட்டார்.

தொழுது முடித்துச் சலாம் கொடுத்தபோது மேகம் லேசாக விலகியது. எதிரே, சரியாக அவர்கள் முகத்துக்கு நேரே, சூரியன் எட்டிப் பார்த்தது. உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

திரும்பி வரும்போது வரப்பில் தபஸ்ஸும் சுலைகாவுக்குப் பின்னால் நடந்தாள். "நீ அங்க சிரிச்சிருக்கலாம்" என்றாள்.

"வந்துச்சு. அடக்கிட்டேன்."

"நான் அன்னைக்கு அடக்கல." எட்டி அவள் தோளைத் தொட்டாள். "சாரி, சுலைகா."

"ம்."

"நாளைக்கு நிஜமாவே போறியா? இஞ்சயே இரேன்."

அவள் வாயிலிருந்து அந்த 'இஞ்ச' வந்த விதத்தைக் கேட்டு, இத்தனை நாளில் முதல்முறையாகச் சுலைகா வாய்விட்டுச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வாப்பா வந்தார். வழியிலேயே ஒரு பள்ளிவாசலில் மதியத்து ஜும்மா தொழுதிருந்தார். பயணத்தில் சட்டை கசங்கி, கண் சிவந்து, கையில் ஒரு பை நிறைய நேந்திரங்காய் சிப்ஸ். வாசல் ஓரம் விருந்தாளிகளுக்காகப் போட்டிருந்த கொட்டகையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"பெட்டியை எடுத்துட்டு வா மக்களே. நான் அஸர் தொழுதுட்டு வாறேன், கிளம்புவோம்."

அவர் ஒளு செய்துவிட்டு வந்து கொட்டகையில் நின்றார். காற்று வந்தது. வாப்பா மூக்கைத் தூக்கி உப்பு வாசனையை முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "ஆ, கடல் பக்கத்துலதான் இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே, காற்று வந்த பக்கம் பார்த்துப் பாயை விரித்தார்.

ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு சத்தம் வரவில்லை. தபஸ்ஸும் மட்டும் வெளியே ஓடி வந்தாள்.

"மாமா, மாமா! இந்த ஊர்ல கடல் முதுகுப் பக்கம் மாமா! சுலைகாதான் எங்களுக்கே சொல்லிக் குடுத்தா!"

வாப்பா பாயின்மேல் நின்றபடி விழித்தார். தபஸ்ஸுமைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

சுலைகா போய்ப் பாயைத் திருப்பிப் போட்டாள். "நம்ம ஊருல காத்து முகத்துல அடிக்கும் வாப்பா. இஞ்ச முதுகுல தட்டிக் குடுக்கும்."

வாப்பா தொழுது முடித்தார். பாயை மடித்துக்கொண்டு, "சரி, பெட்டி எங்க?" என்றார்.

சுலைகா சிப்ஸ் பையைப் பிரித்துத் தபஸ்ஸுமிடம் நீட்டினாள்.

"பெட்டி மேலேயே இருக்கட்டும் வாப்பா."