ஐந்து பத்துக்கு அழிந்த பெயர்கள்

திங்கட்கிழமை, காலை பதினொன்றேகால். யட்டியாந்தோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ரொபர்ட்டின் போன் கடைக்கு மேல்மாடி.

செம்பகவத்தை தோட்டத்து ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே காலையில் பெயரை இழந்திருந்தார்கள்.

ஆட்கள் இருந்தார்கள். அவர்களுடைய எண் இருந்தது, டிவிஷன் இருந்தது, போன மாதம் கொண்டு வந்த பாலின் கிலோவும் இருந்தது. பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் மட்டும் ஆளுக்கொரு சின்னக் கோடு. விஜயகலா திரையை மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். கோட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

“ரெண்டு மணிக்குத் தோட்டத்துப் பெரிய தொர முன்னாடி இதத்தான் காட்டப் போறோமா?” என்றார் ரொபர்ட்.

ரொபர்ட் முதலாளி. கீழே போன் விற்பார், மேலே மென்பொருள் செய்வார். செய்வார் என்றால், மூன்று பேரை வைத்துச் செய்விப்பார். அவருடைய பங்கு, வெற்றிலையில் ஆள்காட்டி விரலால் சுண்ணாம்பைத் தடவி வாயில் போட்டுக்கொண்டு, “இன்னும் முடியலையா?” என்று கேட்பது.

அந்த மூவரில் தனுஜாவுக்குப் பரிசோதிக்கும் வேலை. மற்றவர்கள் எழுதும் செயலியில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குபவள். குற்றம் இல்லாத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. இன்றைக்கு நிஜமான குற்றமே வந்திருக்கிறது. உள்ளூர ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்தது.

மற்ற இருவரும் விஜயகலாவும் தாஸிமும். தோட்டத்தின் செக்ரோலை, அதாவது ஆட்களின் வருகைப் பதிவை, போனிலேயே போடுவதற்கு ஒரு செயலி வேண்டும். அதை எதில் கட்டுவது என்று இருவருக்கும் ஒரு மாதமாக மல்லுக்கட்டு. செயலி கட்டும் கருவிகளில் விஜயகலா ஜாங்கோ கட்சி. அதில் ஓ.ஆர்.எம். என்று ஒன்று உண்டு. நமக்கும், தகவல் கிடங்கான டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று பேசி முடிக்கும் கல்யாணத் தரகர் மாதிரி. “எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்” என்பாள். தாஸிம் எக்ஸ்பிரஸ் கட்சி. தரகரே வேண்டாம், டேட்டாபேஸுக்கு நானே என் கையால் எழுதுவேன் என்பான். ரொபர்ட்டுக்கு இரண்டும் விளங்காது. “ரெண்டு பேரும் செஞ்சு காட்டுங்க, நல்லா இருக்கிறத எடுத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டார். அதனால் ஒரே செயலி இரண்டு விதமாகப் பிறந்து, இன்றைக்கு இரண்டும் பெரிய துரையின் பார்வைக்குப் போக இருந்தன. தாஸிமுடையதில் எல்லாப் பெயர்களும் சுகமாக இருந்தன. வந்த வினையே அதுதான்.

விஜயகலா தன் சிஸ்டத்தின் பதிவைத் திறந்தாள். இன்றைய தேதியில் ஒரே ஒரு வரி. பெயர்க் கட்டம் நீக்கப்பட்டது. நேரம் 05:10.

“அஞ்சு பத்துக்கு இங்க யாரு இருந்தா?” என்றார் ரொபர்ட்.

எல்லோரும் தாஸிமைப் பார்த்தார்கள். மாடிக் கதவின் ஒரு சாவி ரொபர்ட்டிடம், இன்னொன்று அவனிடம்.

“நான்தான் இருந்தேன்” என்றான் தாஸிம். “ஆனா நான் தொடல்ல, அண்ணே.”

“சாவிய வச்சிட்டுக் கெளம்பு, தம்பி.”

அவ்வளவுதான் விசாரணை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ரொபர்ட் கீழே போனவர், கோபம் தாங்காமல் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் சிங்களத்தில் ஒரு பாட்டம், தமிழில் ஒரு பாட்டம் கொட்டிவிட்டு வந்தார். அது மேலே தாஸிமுக்கும் கேட்டது. இந்த ஊரில் கம்ப்யூட்டர் வேலை தரும் இடம் இது ஒன்றுதான். கூட வேலை செய்யும் பெண்ணின் உழைப்பை அழித்தவன் என்று கடைத்தெரு சொல்லிவிட்டால், அவனை இனி யார் வாசலில் ஏற்றுவார்கள்? தனுஜாவுக்கு மனசு கேட்கவில்லை. காலையில்தான் மழையில் போட்டோகாப்பிக் கடைவரை அவளோடு வந்து, அவளை நனையவிட்டு, தாள்களுக்குக் குடை பிடித்தவன் அவன்.

“அண்ணே, ஒரு மணித்தியாலம் குடுங்க” என்றாள். “நான் விசாரிக்கிறேன். நீங்களும் இருங்க.”

பதினொன்று நாற்பது. முதலில் தாஸிம்.

“எத்தன மணிக்கு வந்தீங்க?”

“சுபஹு தொழுதுட்டு நேரா. அஞ்சு மணி இருக்கும்.”

“ஏன் அவ்வளவு விடியலோட?”

“அந்த நேரம்தான் நெட் ஓடும். அண்ணனும் இருக்க மாட்டாரு.”

“விஜியோட டேட்டாபேஸத் தொறக்க உங்களால ஏலுமா?”

“பாஸ்வேர்ட் வேணுமே.”

“அத அவ ஸ்கிரீன்லயே ஒட்டி வச்சிருக்கா.”

“அதுதான் எனக்கும் பயமா இருக்கு” என்றான் தாஸிம்.

அடுத்து விஜயகலா. அழுதிருந்தாள். தாஸிமின் பக்கம் திரும்பவே இல்லை.

“இன்னைக்கு நீ என்ன மாத்துன?”

“நீ சொன்னதத்தான். தோட்டத்துல கூப்பிடுற பேரு வேற, செக்ரோல் பேரு வேற, ரெண்டுக்கும் எடம் வேணும்னு சொன்னியே. அதனால பழைய ‘பெயர்’ங்கிற கட்டத்துக்குப் ‘பதிவுப் பெயர்’னு பேர மாத்துனேன். மாத்தத்த எழுதவும், எழுதுனத செஞ்சு முடிக்கவும் ரெண்டு கட்டளையையும் சேத்து ஒரே வரியில அடிச்சேன்.”

“எத்தன மணிக்கு?”

“பத்து நாப்பது. அடிச்ச கையோட பஸ் ஹார்ன் கேட்டுச்சு. அம்மா கண்டக்டர்கிட்ட சோத்துப் பார்சல் குடுத்து விட்டிருந்தாங்க. ஓடலன்னா அது அவிசாவளைக்குப் போயிரும்.”

“திரும்பி வந்தப்ப?”

“எல்லாம் ஓகேன்னு நின்னுச்சு. அப்படியே விட்டுட்டுப் பார்சலப் பிரிச்சேன்.”

தனுஜா அவளுடைய லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தாள். கறுப்பு விசைப்பலகை. எண்டர் விசையில் மட்டும் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்துவிட்டு, ரொபர்ட்டிடம் திரும்பினாள்.

“அண்ணே, பத்தரைக்கு மேல எங்க இருந்தீங்க?”

“என்னையுமா?”

“எல்லாரையும்தான்.”

“கீழ. ஒருக்கா சார்ஜர் எடுக்க மேல வந்தேன். ஒருத்தரையும் காணல.” அவருடைய போன் கிணுங்கென்றது. அதில் ஏதோ கேள்வி வந்தது போல. பார்க்காமலே பெருவிரலால் அமுக்கினார்.

“அது என்ன கேட்டுச்சு, அண்ணே?”

“யாருக்குத் தெரியும்? அமுக்குனா போயிரும்.”

அதே நேரம் தனுஜாவின் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். செம்பகவத்தை இராமசாமி கங்காணி. ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுப்பவர் அவர். இரண்டு செயலிகளையும் இன்றைக்கு முதல்முறையாக வெள்ளோட்டம் பார்த்தவரும் அவரே.

“தங்கச்சி, என்னம்மா கூத்து இது? தாஸிம் தம்பியோடது திங்கக்கெழமன்னு சொல்லுது. விஜி புள்ளையோடது நேத்து ஞாயித்துக்கெழம வேலைன்னு சொல்லுது. சனங்க டபுள் சம்பளம் கேட்டு என்னையப் புடிச்சிட்டு நிக்கிறாங்க.”

தனுஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மாமா, எத்தன மணிக்குச் செக்ரோல்ல பேர் போட்டீங்க?”

“பால்வெட்டுக்கு எறங்குறதுக்கு முன்னாடி. அஞ்சேகால் இருக்கும், இன்னும் இருட்டு.”

“விஜியோடதுல அப்ப ஆளுங்க பேரெல்லாம் இருந்துச்சா?”

“பேரு இல்லாம யாருக்கும்மா போடுறது? எல்லாம் இருந்துச்சு.”

போனை வைத்தாள். ரொபர்ட்டுக்கு வெற்றிலை மென்ற வாய் நின்றுவிட்டது.

“அஞ்சு பத்துக்கு அழிஞ்ச பேர, கங்காணி எப்படி அஞ்சேகாலுக்குப் பாத்தாரு?” என்று கேட்டாள் தனுஜா. “அண்ணே, அந்த அஞ்சு பத்து நம்ம அஞ்சு பத்து இல்ல. ஜாங்கோவ நாம சொல்லி மாத்துனா ஒழிய அது உலகப் பொது நேரத்துலதான் காட்டும். நமக்கு அஞ்சர மணித்தியாலம் பின்னால. விஜி அத மாத்தல. அதனாலதான் திங்க விடியக்கால அஞ்சேகால் அதுக்கு இன்னும் ஞாயித்துக்கெழம ராத்திரி. மத்த ஊர்ல ஆபிஸ் நேரத்துக்கு வேல தொடங்குவாங்க, தேதி மாறாது, யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டாங்க. பால்வெட்டுக்காரங்க இருட்டோட எழும்புறதாலதான் மாட்டிக்கிச்சு. அஞ்சு பத்தோட அஞ்சரையக் கூட்டுங்க.”

“பத்து நாப்பது” என்றாள் விஜயகலா மெதுவாக.

“ஆமா. நீ பத்து நாப்பதுக்கு ஓட்டுன வேலைக்குப் பதிவுல தனி வரி எங்கன்னு உனக்குத் தோணவே இல்லையே, விஜி. இருக்கிறது ஒரே வரி. அது உன்னோடதுதான்.”

“நான் அழிக்கச் சொல்லலையே. பேரத்தானே மாத்தச் சொன்னேன்.”

“நீ அழிக்கல. தரகருக்குச் சந்தேகம் வந்திருக்கு. பழைய கட்டத்தக் காணோம், புதுசா ஒண்ணு வந்திருக்கு. இது பேர் மாத்துனதா, இல்ல பழச வீசிட்டுப் புதுசு வச்சதா? அதனால ஒரு கேள்வி கேட்டுட்டு நிக்கும். பேர் மாத்துனீங்களா, ஆமாவா இல்லையான்னு. நீ பார்சலுக்கு ஓடிட்ட. ஆமான்னு எழுதாம வெறும் எண்டர அமுக்குனா, அது இல்லன்னு எடுத்துக்கும். பழசத் தூக்கி வீசிட்டு, காலியா ஒரு புதுக் கட்டத்த வச்சிரும். தாஸிமும் நானும் அப்ப போட்டோகாப்பிக் கடையில. மாடியில இருந்த ஒரே ஆளு சார்ஜர் எடுக்க வந்தவரு. எண்டர் விசையில சுண்ணாம்பு இருக்கு, அண்ணே. இந்த மாடியில வெத்தல போடுறது நீங்க ஒருத்தர்தான்.”

ரொபர்ட் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். ஒளித்துவைக்க இடம் இல்லாமல் அதைச் சட்டைப் பைக்குள் விட்டார்.

“என்னமோ கேட்டுட்டு நின்னுச்சு” என்றார். “பாவம், ஒத்தாசையா இருக்கட்டும்னு அமுக்குனேன். எண்டர்னா ஆமாதானே?”

விஜயகலா எழுந்து தாஸிமின் முன்னால் போய் நின்றாள். “நானும் நீங்கதான்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க” என்றாள். தாஸிம் தலையசைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

பன்னிரண்டரை. தாஸிமின் டேட்டாபேஸில் இருந்த பெயர்களை எடுத்து விஜயகலாவின் காலிக் கட்டங்களில் கொட்ட இருவருக்கும் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஞாயிறையும் திங்களாக்கிவிட்டார்கள். ரொபர்ட் மூலையில் உட்கார்ந்து, வாயில் ஒன்றும் போடாமல், கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப எத எடுக்கிறது?” என்று கடைசியில் கேட்டார். “நீயே சொல்லு, தம்பி. ஒன்னோடதுல ஒரு கொறையும் இல்ல. ஒன்னோடதையே எடுத்துக்குவோம்.”

சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று மூவருக்கும் தெரிந்தது. தாஸிம் யோசித்தான்.

“விஜியோடத எடுங்க, அண்ணே. என்னோடதுல அழின்னு எழுதுனா கேக்காமலே அழிச்சிரும். விஜியோடது அழிக்கிறதுக்கு முன்னாடி நின்னு ஒரு கேள்வி கேட்டுச்சு.” சாவி கிடந்த ரொபர்ட்டின் பையைப் பார்த்தான். “நீங்க என்கிட்ட அதுகூடக் கேக்கல.”

ரொபர்ட் எழுந்தார். சாவியை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். சிறிது நேரத்தில் கீழே தேத்தண்ணிக் கடையிலிருந்து அவருடைய குரல் கேட்டது. “மம தமய் கெருவே” என்றார் சிங்களத்தில். பிறகு அங்கிருந்த தோட்டத்துச் சனங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்: “நான்தான் செஞ்சேன். அந்தப் பையன் ஒண்ணும் செய்யல.”

என்ன செய்தார் என்று கடையில் யாருக்கும் விளங்கவில்லை. ஆளாளுக்குக் கேட்டார்கள். ரொபர்ட் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார். மேலே தாஸிம் ஜன்னலோரமாகப் போய் நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.