ஜன்னல் வழியே ஏறிய கோல்

கம்பம் பேருந்து நிலையத்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில் கயலை மிஞ்ச ஆள் கிடையாது. தேனி பஸ் வந்து நிற்பதற்குள் அவள் துண்டு ஜன்னல் வழியே இருக்கையில் விழுந்துவிடும். அதுவும் ஜன்னலோர இருக்கையில்! காற்று முகத்தில் அடிக்காத பயணம் ஒரு பயணமா?

அன்று அம்மாவோடு பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். துண்டு போட்டாயிற்று. ஏறப் போனபோதுதான் அந்த நீளமான பையைப் பார்த்தாள்.

ஒரு முனையைக் கல்லூரி அக்கா ஒருத்தி பிடித்திருந்தாள். மறுமுனையில், கழுத்தில் விசில் மாட்டிய இன்னொரு அக்கா. நடத்துநர் சுருளிராஜன் படியில் நின்று வழியை மறித்தார்.

"இம்புட்டு நீளத்த எப்பிடிம்மா படியில திருப்புவீக? யாரு கண்ணையாவது குத்திரும்!"

கயலால் சும்மா இருக்க முடியுமா?

"அக்கா, உள்ள என்ன? தேங்கா பறிக்கிற தொரட்டியா?"

விசில் அக்கா அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டார். அவர் பெயர் பவானி. கல்லூரியில் விளையாட்டுப் பயிற்சியாளர்.

"இல்ல பாப்பா. இந்தக் கோல ஊனி, எம்பி, உசரத்துல இருக்குற குச்சியத் தாண்டணும். நானும் பல வருசம் தாண்டுனேன். வெளிநாட்டுக்கெல்லாம் போயிருக்கேன்."

"எம்புட்டு உசரம் தாண்டுனீக?"

"இந்தா, இந்த பஸ்ஸுக்கு மேல."

கயல் பஸ்ஸின் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "அம்மாடி! பஸ்ஸையே தாண்டுவீக. உள்ள ஏறத்தான் வழி தெரியலையா?"

"ஏய், பெரியவுககிட்ட என்ன பேச்சு!" என்று அம்மா அதட்டினார்.

பவானி கோபப்படவில்லை. "காலேஜ் வேன் ரிப்பேராயிருச்சு. இன்னிக்குத் தேனியில தேர்வு. இந்தத் தேவயானி தாண்டுனாத்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும்."

"அங்கன வேற கோல் இருக்காதாக்கா?"

பவானியின் முகம் வாடியது. "இருக்கும். ஆனா அவுகவுக எடைக்கு ஏத்த கோல் வேணும். ஒரு தடவ வெளிநாட்டுல என் கோல் வந்து சேரல. இரவல் கோல்ல தாண்டுனேன். அது சரியா வளையல. முதல் உசரத்துலயே தோத்துட்டேன். இவளுக்கு அப்படி ஆயிரக்கூடாது."

தேவயானி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாவமாக இருந்தது கயலுக்கு.

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். கயல் படியைப் பார்த்தாள். பிறகு இருக்கையில் கிடந்த தன் துண்டைப் பார்த்தாள்.

"மாமா! என் துண்டு படி ஏறியா உள்ள போச்சு? ஜன்னல் வழியாத்தானே போச்சு! இதையும் அப்பிடியே சாய்ச்சு விட்டா என்ன? பை வைக்கிற மேல் கம்பியில கிடந்துட்டுப் போகட்டும்!"

சுருளிராஜன் தலையைச் சொறிந்தார். "அட, ஆமா! ஆனா ஆடுமே. நுனிய ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே வரணும்."

நுனி வரும் இடம் கயல் துண்டு போட்ட ஜன்னலோரம். கயல் கொஞ்சம் தயங்கினாள். கொஞ்சம் மட்டும்தான்.

"தேவயானி அக்கா அங்கன உக்காரட்டும். துண்டாலயே கட்டிக்கோங்க."

"எல்லாரும் தலையக் குனிங்க!" என்று கத்தினார் சுருளிராஜன். பைகள் இறங்கின. தலைகள் குனிந்தன. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண் விழித்தார். மூக்குக்கு மேலே ஊர்ந்து போகும் பையைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

தேனி வரும்வரை கயல் அம்மா மடியில் நசுங்கிக்கொண்டே, சாயங்காலம் தாங்களும் கம்பம் திரும்புவதை அக்காக்களிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

சாயங்காலம் தேனியில் ஒரே கூட்டம். கயல் துண்டோடு ஓடினாள். அதற்குள் கம்பம் பஸ்ஸின் எல்லா ஜன்னலிலும் தலைகள். ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் தலை இல்லை. அதன் வழியே ஒரு நீளமான பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது!

பின் இருக்கையிலிருந்து தேவயானி கையை ஆட்டினாள்.

"அக்கா, தாண்டிட்டீகளா?"

"தாண்டிட்டேன்! மாநிலப் போட்டிக்குப் போறேன்!"

"பஸ் உசரமா?"

"பஸ்ஸுக்கு ஒரு சாண் கம்மி. அடுத்த தடவ பாரு!"

"ஏறு பாப்பா," என்றார் பவானி. "துண்டு போட்டா எடுத்து எறிஞ்சிருவாகன்னு, உனக்குக் கோலையே போட்டு இடம் பிடிச்சிருக்கோம்."

கோல் மேலே ஏறியது. கயல் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியதும் காற்று ஜோராக முகத்தில் அடித்தது.