ஜமீனுக்குத் தினம் ஒரு மாத்திரை

"ஐயோ… ஐயா!"

மாடியிலிருந்து வந்த அலறலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று திறந்தன.

மணி பதினொன்றே கால்.

அலறியது நர்ஸ். கட்டிலில் கிடந்தவர் பெரியவர், வீட்டுக்குச் சொந்தக்காரர். வயது எழுபத்திரண்டு. அவர் முகத்தின் மேல் அவருடைய தலையணையே இருந்தது… யாரோ அதை அழுத்திப் பிடித்திருந்தார்கள். போதுமான நேரம்!

பன்னிரண்டு மணிக்கு நாய் டாக்டர் பையோடு வந்து இறங்கியபோது வாசலில் ஜீப் நின்றது.

"யாரும்மா நீங்க?" இன்ஸ்பெக்டர் மறித்தார்.

"கால்நடை மருத்துவர். பெரியவர்தான் காலையில போன் பண்ணி வரச் சொன்னார்."

"எதுக்கு?"

டாக்டர் தயங்கினாள்.

"அவர் தம்பியோட நாய்க்கு மூட்டு வாதம். ரெண்டு மாசமா மாத்திரை கொடுத்தும் வலி குறையல. பார்க்க சகிக்கல, ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடுங்கன்னு சொன்னார்."

"நாய்க்கு நிம்மதி கேட்டவரை யாரோ அனுப்பி வெச்சிட்டாங்க. உள்ள வாங்க."

கூடத்தில் நர்ஸ் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். கையில் இன்னும் துணி கிளிப்புகள்.

"சார், நான் கொல்லைப்புறத்துல துணி உலர்த்திட்டிருந்தேன். மேல போய்ப் பார்த்தா…"

"காலையில அவரோட சத்தம் போட்டியாமே?"

"நாயைக் கொல்லாதீங்கன்னு சொன்னேன் சார். அவ்வளவுதான்."

"வாசல் கதவு உள்தாழ்ப்பாள். கொல்லைக் கதவுகிட்ட நீ. வெளியாள் வரல. வீட்டுல மிச்சம் யாரு? அந்த நாய், மாடி ஏறாது. அதோட எஜமான், ரெண்டு வருஷமா மாடி ஏறல." இன்ஸ்பெக்டர் விரலை நீட்டினார். "இந்த வீட்டுல படியேறக்கூடிய கால் ரெண்டே ரெண்டு. ரெண்டும் உன்னோடது."

நர்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு மணிக்கு என் பொண்ணு ஸ்கூல் விட்டு வருவா சார். வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல… அவ பூட்டின கதவு முன்னாடி நிப்பா."

"சாவியைக் கொடு. பெண் போலீஸ் போவாங்க. நீ ஜீப்புல ஏறு."

டாக்டர் வாசல்வரை அவள் பின்னாலேயே போனாள். ஆனால் நாய் டாக்டருக்குக் கொலைக் கேஸில் என்ன வேலை? தன் வேலையைப் பார்க்க முன்னறைக்குப் போனாள்.

அங்கே சின்னவர் இருந்தார். பெரியவரின் தம்பி. அறுபத்தெட்டு வயது. முன்னால் வாக்கர், காலடியில் அவருடைய நாய் ஜமீன்.

ஜமீனுக்குப் பேர்தான் ஜமீன். எழுந்து நிற்கவே பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. இடுப்பைத் தொட்டதும் உறுமவில்லை, முனகியது. அதுதான் டாக்டரை உலுக்கியது.

"மாத்திரை தவறாம கொடுக்கறீங்களா ஐயா?"

"தினம் காலையில ஒண்ணு. சாப்பாட்டோட. நீங்க சொன்ன மாதிரியே."

"டப்பா?"

அலமாரியைக் காட்டினார். அறுபது மாத்திரை கொடுத்திருந்தாள். ஐம்பத்தாறு நாள் ஆகிவிட்டது. மிச்சம் நாலு. கணக்கு கச்சிதம்.

டாக்டர் டப்பாவைக் குலுக்கினாள். கடகட.

ஜமீன் காதைக்கூட அசைக்கவில்லை.

மறுபடி குலுக்கினாள். ஜமீன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டரின் புருவம் ஏறியது. அந்த மாத்திரை ஈரல் வாசனை போட்டுச் செய்தது. தினமும் வாங்கித் தின்கிற நாய்கள் டப்பா சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியிலிருந்தும் வாலை ஆட்டிக்கொண்டு வரும். நொண்டிக்கொண்டாவது வரும்! அவளிடம் வரும் நாய்களில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

ஜமீன் முகர்ந்தது. முன்பின் தெரியாத ஆளை விசாரிப்பதுபோல் முகர்ந்தது. பிறகு நாக்கு ஆவலோடு நீண்டது… டாக்டர் கையை மூடிக்கொண்டாள்.

ஐம்பத்தாறு மாத்திரை. ஒன்றுகூட இதன் வாய்க்குப் போகவில்லை.

அப்படியென்றால் யார் வாய்க்கு?

சின்னவரைப் பார்த்தாள். அவருக்கும் முட்டிதான். வயிற்றில் புண் இருப்பதால் எந்த வலி மாத்திரையும் கூடாது என்று அவருடைய டாக்டர் கைவிரித்துவிட்டதாகப் போன தடவை அவரே புலம்பியிருந்தார். இப்போது அவருடைய உதடு காகிதமாக வெளுத்திருந்தது.

டாக்டர் வெளியே வந்தாள். இன்ஸ்பெக்டரின் காதில் இரண்டு நிமிடம் கிசுகிசுத்தாள்.

"கதை நல்லாத்தான் இருக்கு. சாட்சி? நாயையா கூண்டுல ஏத்தறது?"

"அஞ்சு நிமிஷம் கொடுங்க சார். நீங்க வாசப்படிக்குக் கீழ நில்லுங்க. வாசக்கதவு திறந்தே இருக்கட்டும்."

முன்னறைக்குத் திரும்பினாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"ஐயா, இந்த நேரத்துல சொல்லக் கூடாது… இந்த மாத்திரை கம்பெனியில இருந்து இப்பதான் போன். இந்த டப்பால கலவை தப்பாயிடுச்சாம். இன்னிக்கு ஜமீனுக்குக் கொடுத்தீங்களா?"

"கொ… கொடுத்தேன்."

"அப்போ ஊசிக்கு வேலையில்ல. சாயங்காலத்துக்குள்ள தானாவே போயிடுவான்."

சின்னவர் ஜமீனைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தார்.

"டாக்டர்… ஒருவேளை… மனுஷங்க யாராவது தெரியாம வாயில போட்டுட்டா?"

"முதல்ல உள்ளங்கை வியர்க்கும். அப்புறம் அரை மணி நேரம்தான். அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

சின்னவர் மெல்லக் கையை விரித்துப் பார்த்தார்.

வியர்த்திருந்தது!

அடுத்த விநாடி வாக்கர் தடாலென்று சாய்ந்தது. சின்னவர் எழுந்தார். கூடத்தைக் கடந்தார். வாசலின் ஆறு படிகளையும் கைப்பிடியைத் தொடாமல் தடதடவென்று இறங்கினார்.

கடைசிப் படியில் இன்ஸ்பெக்டர்.

"மெதுவா… முட்டி வலிக்கப் போகுது."

ஜீப்பில் உட்கார்ந்திருந்த நர்ஸின் வாய் பிளந்தது பிளந்தபடி நின்றது.

சின்னவர் அங்கேயே மடங்கி உட்கார்ந்தார்.

"ஏழு வருஷ வலி சார். நாய்க்குக் கொடுத்ததுல ஒண்ணைப் போட்டுப் பார்த்தேன். மூணாம் நாள் நடந்தேன். வெளியில சொன்னா எப்படின்னு கேப்பாங்க… நிறுத்திடுவாங்க." முட்டியைப் பிடித்துக்கொண்டார். "நாயை அனுப்பிடறேன்னு அண்ணன் காலையில சொன்னான். நாய் போனா மாத்திரை போச்சு. கெஞ்சத்தான் மேல போனேன். வாக்கர் இல்லாம நான் நின்னதைப் பார்த்ததும் அண்ணனுக்குப் புரிஞ்சு போச்சு. 'வாயில்லா ஜீவன் வலியில கத்தக் கத்த, அதோட மருந்தை நீ தின்னியாடா? இரு, டாக்டர் வரட்டும்'னான். மறுபடி அந்த வலிக்குள்ள போக முடியாது சார். என்னால முடியாது."

நர்ஸ் அழுதாள். பெரியவருக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் சாவி அவள் கைக்குத் திரும்பி வந்தது.

"கம்பெனி போன் நிஜமா டாக்டர்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பொய். மாத்திரை நல்ல மாத்திரைதான், நாய்க்கு! ஆனா இவரை முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. புண்ணு வயித்துல இதைப் போட்டா ரத்தம் கசியும். உதட்டைப் பாருங்க, அது பொய்யில்ல."

"அப்போ ஜமீன்?"

"அவனுக்கு வைத்தியமே இனிமேதான் சார் ஆரம்பம்."

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு துளி எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரு பிடி சாப்பாட்டில் மாத்திரையை வைத்துக் கொடுத்தாள். ஜமீன் மென்றது. இன்னொன்று கிடைக்குமா என்று அவள் கையைத் துழாவியது. நர்ஸ் அதன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர்… எனக்கும் ரெண்டு வருஷமா முட்டி வலி. அந்த மாத்திரை அவ்வளவு நல்லாவா வேலை செய்யுது?"

டாக்டர் பையை மூடினாள்.

"செய்யுது சார். ஒருத்தர் ஜெயில் வரைக்கும் நடந்தே போறாரே, பார்க்கலியா?"