ஈர நாக்கு

"நாக்கை நீட்டுங்க," என்றாள் எஸ்தர். விடிந்ததும் இப்போதெல்லாம் அவளுக்கு இதுதான் ஜெபம்.

கணவன் ஜெபராஜ் நீட்டினான். நாக்கு ஈரமாகப் பளபளத்தது. எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாத்திரைகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட காலம். மனச்சோர்வு என்றால் முன்கைத் தோலுக்கடியில் ஒரு மனச்சில்லைப் பதித்துவிடுவார்கள். அதுவே சொட்டுச் சொட்டாக மருந்து விடும். ஆனாலும், வாயை வறளவைத்த பழைய மனச்சோர்வு மாத்திரைகளின் காலத்து நம்பிக்கை மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை: வாய் வறண்டால்தான் மருந்து வேலை செய்கிறது!

நோய் ஜெபராஜுக்கு. "இவரோட மல்லுக்கட்டியே எனக்கு மனசு விட்டுப்போச்சு, எனக்கும் வைங்க," என்று எஸ்தரும் அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வாய் மாவைத் தின்றதுபோல் வறண்டது, மனசும் தெளிந்துவிட்டது. அவன்தான் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தான்.

"உங்க கையில இருக்கிறது மருந்தில்லாத வெறும் கூடுதாங்க. அந்த டாக்டர் நம்மள நல்லா ஏமாத்திட்டாரு."

அவனை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்கே போய்ச் சண்டை போட்டாள். டாக்டர் மதியழகன் பெருமூச்சு விட்டு, அவன் கைச் சில்லில் எதையோ மாற்றினார். சில நாளில் ஜெபராஜ் தண்ணீர் கேட்டுக் கத்தினான். அப்புறம் குளித்தான், சிரித்தான், படகுப் பட்டறைக்கு வேலைக்கும் போனான். எஸ்தருக்குத் தலைகால் புரியவில்லை. மீன்குழம்போடு டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் அவளை உட்காரவைத்துவிட்டு, அறைக்கதவைச் சாத்தினார்.

"எஸ்தரம்மா, பழைய மாத்திரை ரெண்டு வேலை பாத்துச்சு. மூளையில உற்சாகச் சாறு வீணாகாம காத்துச்சு, அது நல்லது. எச்சிலையும் வத்த வச்சுச்சு, அது தொல்லை. தொல்லையை நீக்கின மருந்தைத்தான் அவருக்கு வச்சேன். நீங்க தினமும் நாக்கைப் பாத்து வெறும் கூடுன்னீங்க. அவரும் அதை நம்பிட்டாரு, மருந்து பலிக்கல. சில்லுல ஒரே அறைதான். அதான் மருந்தை எடுத்துட்டு, எச்சிலை வத்த வைக்கிறதை மட்டும் வச்சேன். வாய் வறண்டதும் அந்த நம்பிக்கையிலேயே எழுந்துட்டாரு."

"அடப்பாவி மனுஷா! அப்போ எனக்கு?"

டாக்டர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்கு ஆரம்பத்துலேருந்தே அதுதாம்மா. அவர்கிட்ட மூச்சு விட்றாதீங்க. தெரிஞ்சா திரும்பவும் சுவரைப் பாத்துப் படுத்துருவாரு."

மறுநாள் விடிந்தது. எஸ்தர் அடுப்பைவிட்டு நகரவில்லை.

"இன்னைக்கு என் நாக்கைப் பாக்கலியா?" ஜெபராஜ் வாசலில் நின்றான்.

"அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பது அவனுக்குத் தெரியும். கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

"எங்க, நீ நாக்கை நீட்டு, உன் சில்லாவது வேலை செய்யுதான்னு பாப்போம்," என்றான்.