ராஜாம்பாள் சொல்லாமல் விட்டது

தங்கை இசைவாணி வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜாம்பாளுக்கு விடிந்ததிலிருந்தே யார் மேலாவது எரிச்சல் வந்துவிடும். அன்று அது புருஷன் அய்யப்பன் மேல் விழுந்தது. கொழுந்தியாள் வருகிறாளே என்று அவர் கச்சிராயபாளையம் கடைத்தெருவுக்குப் போய் நாட்டுக்கோழி வாங்கி வந்திருந்தார். எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கிறவளுக்கு நாட்டுக்கோழி, தினமும் இங்கேயே கிடந்து சாகிறவளுக்கு ரசமும் அப்பளமுமா என்று அவள் கோழியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். அய்யப்பன் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். கரும்பு வெட்டுக் கூலிக்காரர்களிடம் கத்துகிற மனுஷன், மனைவியிடம் பேசாமலிருக்கப் பழகியிருந்தார்.

அப்பா கொளஞ்சியப்பன் ராத்திரி பாயை நனைத்திருந்தார். அதைத் துவைத்துக் காயப்போட்டு, அவரைக் குளிக்க வைக்க இழுத்தபோது அவர் திமிறினார். அவளுடைய நகம் பட்டு அவர் முழங்கையில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். "எம்மா, எரியுதும்மா" என்றார் அப்பா, சின்னப் பிள்ளை மாதிரி.

நோய் வந்ததிலிருந்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். ஊர்ப் பெண்களை மரியாதைக்கு அழைக்கும் அம்மா இல்லை. அவரைப் பெற்று வளர்த்து எப்போதோ செத்துப்போன அம்மா. மகளுடைய பெயர் அவர் நினைவிலிருந்து போயே போய்விட்டது.

கொளஞ்சியப்பன் கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மலையேறுகிற ஒவ்வொரு ஆளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஓய்வு பெற்ற சில வருஷங்களுக்குப் பிறகு முதலில் மீதிச் சில்லறை எண்ணுவது குழம்பியது. அப்புறம் கடைக்குப் போன வழி மறந்தது. விழுப்புரத்தில் டாக்டர் அல்சைமர் என்று சொல்லி, இது குணமாகிற நோய் இல்லை, மாத்திரை கொடுத்தால் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான் என்றார்.

ராஜாம்பாள் அதற்கெல்லாம் கலங்கவில்லை. அவளைக் கலங்கடித்தது வேறு. எல்லாவற்றையும் மறந்த அப்பா ஒரு பெயரை மட்டும் மறக்கவில்லை. காலையில் கண் விழித்ததும், சோற்றில் கை வைக்கும்போதும், பொழுது சாயும்போதும், "வாணி பள்ளிக்கூடம் வுட்டு வந்துட்டாளா?" என்று கேட்பார். கேட்கும்போதெல்லாம் ராஜாம்பாளுக்குள் ஏதோ பற்றிக்கொள்ளும்.

அது புதிதாகப் பற்றிய நெருப்பு இல்லை. அம்மா செல்லியம்மாள் காய்ச்சலில் இறந்தபோது வாணி இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ராஜாம்பாள் பத்தாவது. அடுத்த வாரமே ராஜாம்பாளின் படிப்பு நின்றது. யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. அடுப்பு எரிய வேண்டும், தங்கைக்குத் தலை பின்ன வேண்டும், அதனால் நின்றது. வாணி படித்தாள், டீச்சரானாள், அப்பாவின் பஸ் போன அதே மலையில் கரியாலூர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலையும் கிடைத்தது, கூட வேலை பார்த்த தமிழழகனையே கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருந்தாள். 'என் சின்னப் பொண்ணு டீச்சருக்குப் படிக்கிறா' என்று அப்பா பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வாராம். பெரிய பெண்ணைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்றும் இருந்ததில்லை. வீட்டில் இருக்கிறாள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

கார் வந்து நின்றது. வாணி இறங்கி ஓடி வந்து அப்பாவின் முன்னால் குனிந்து, "அப்பா, வாணி வந்துருக்கேம்பா" என்றாள்.

"வாணியா... வாணி" என்றார் அவர். முகமெல்லாம் விரிந்துபோயிற்று. விடிந்ததிலிருந்து ராஜாம்பாளுக்கு ஒரு தடவைகூடக் காட்டாத முகம். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

சாப்பாட்டுக்கு முன்னாலேயே சண்டை வந்தது. அப்பாவின் முழங்கைக் காயத்தை வாணி பார்த்தாள். வாசல் கதவுக்கு வெளிப்பக்கமாகப் போட்டிருந்த புதுத் தாழ்ப்பாளையும் பார்த்தாள். போதாததற்கு அப்பா அவள் காதோரம், "இந்தம்மா எனக்குச் சோறே போடறதில்ல" என்றார். சற்று முன்புதான் ராஜாம்பாள் நான்கு இட்லியைப் பிசைந்து ஊட்டியிருந்தாள்.

"இன்னாக்கா இது? மனுஷன மாடு மாதிரி பூட்டி வெச்சிக்கினு, கைய வேற கீறி வெச்சிருக்க" என்றாள் வாணி. "முடியலன்னா முடியலன்னு சொல்லு. நான் இட்டுக்கினு போறேன்."

தினமும் பார்க்கிறவள் கையில்தான் கீறல் விழும் என்று ராஜாம்பாள் சொல்லியிருக்கலாம். அவர் திறந்த கதவைப் பார்த்தால் என்ன செய்வார் என்று சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்தது வேறு.

"இட்டுக்கினு போ. நீதான அவருக்குப் பொண்ணு. நான் இந்த வூட்டுக்கு வேலைக்காரிதான."

அய்யப்பன் நடுவில் வந்து பேசிப் பார்த்தார். இரண்டு பேருமே கேட்கவில்லை. கோழிக்குழம்பை யாரும் தொடவில்லை. வேட்டிகள், மாத்திரை, ஒரு போர்வை எல்லாம் பையில் ஏறின. அப்பா காரின் முன் சீட்டில் சந்தோஷமாக உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில் ராஜாம்பாளின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. சாயங்காலம் வெயில் இறங்கினால் அப்பாவுக்குக் கடைசி ட்ரிப் ஞாபகம் வந்துவிடும். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். தடுத்தால் அடிப்பார். பஸ் இன்னும் வரவில்லை, உட்காருங்கள் என்று பக்கத்திலேயே இருந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கதவு திறந்திருக்கவே கூடாது. இதைக் கண்டுபிடிக்க அவள் எத்தனை சாயங்காலம் ரோடு ரோடாக ஓடியிருக்கிறாள்!

கார் கிளம்பியது. அவள் சொல்லவில்லை.

"சாயங்காலம் அவரு கெளம்புறத சொன்னியா?" என்று அய்யப்பன் கேட்டார்.

"படிச்சவதான. அவளே தெரிஞ்சிக்கட்டும்" என்றாள்.

அன்று ராத்திரி வீடு அமைதியாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு ராஜாம்பாள் விடிய விடியத் தூங்கினாள். அப்படித் தூங்க முடிந்ததே என்று எழுந்ததும் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பயணக் களைப்பில் அப்பாவும் சீக்கிரமே தூங்கிவிட்டாராம், எந்தத் தொந்தரவும் இல்லையாம். வாணி போனில் சொன்னபோது, "அப்டியா, நல்லது" என்று வைத்துவிட்டாள். அங்கே அவர் சாப்பிடக் கூடாது, அடம்பிடிக்க வேண்டும், எம்மா எம்மா என்று தன்னைக் கேட்டு அழ வேண்டும் என்று அவள் மனசு ஆசைப்பட்டது. பெற்ற அப்பனுக்கு இப்படி நினைக்கிறோமே என்று பயமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் வாணி ஒரு போட்டோ அனுப்பினாள். பள்ளிக்கூட மைதானத்தில், ஸ்வெட்டர் போட்டு நாற்காலியில் உட்கார்ந்து அப்பா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ராஜாம்பாள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூடி வைத்துவிட்டு மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். இந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று? என் கையில் இல்லாத எது அவள் கையில் இருக்கிறது? போனைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். கண்ணில் நீர் நிற்கவில்லை.

வெயில் இறங்குகிற நேரத்தில் வாணி கூப்பிட்டாள். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. கடைசியில், "அக்கா, அப்பாவக் காணோம்" என்றாள். பள்ளிக்கூடத்தைச் சுற்றி, விடுதிப் பக்கம், தோப்பு, ஓடை எல்லாம் தேடிவிட்டார்களாம்.

"அங்கலாம் தேடாத. பஸ்சு போற ரோட்டுல போ. கீழ எறங்குற பக்கம்" என்றாள் ராஜாம்பாள்.

அய்யப்பன் வண்டியை எடுத்தார். கோமுகி அணை தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் அவள் ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் வேட்டி மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவரை நான்தான் இந்த ரோட்டில் தள்ளிவிட்டேன் என்று அவள் புருஷன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். காற்றில் அது அவருக்குக் கேட்டிருக்காது.

பாதி மலை ஏறியதும் ஒரு வளைவில் கூட்டம் தெரிந்தது. மக்காச்சோளக் கொல்லையிலிருந்து வீடு திரும்பிய மலைக்காரப் பெண்கள் மூன்று பேர். அவர்களுக்கு நடுவில், ரோட்டோரக் கட்டைச் சுவரில் அப்பா உட்கார்ந்திருந்தார். செருப்பில்லாத காலில் ரத்தம். ஒருத்தி தன் துண்டைக் கிழித்துக் கட்டியிருந்தாள். வாய்க்காலில் விழுந்து கிடந்தாராம். தூக்கி உட்கார வைத்ததும், எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொருத்தியிடமும் டிக்கெட் கேட்டாராம். ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகுதான் அமைதியானாராம்.

ராஜாம்பாள் வண்டி நிற்பதற்குள் குதித்தாள். அவளைக் கண்டதும் அப்பா இரண்டு கையாலும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மா, எங்கம்மா பூட்ட? பயமா இருந்துச்சும்மா."

அவள் அவர் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

மேலேயிருந்து, வளைவுக்கு வளைவு நிறுத்தித் தேடிக்கொண்டே, தமிழழகனின் கார் வந்து நின்றது. வாணி ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, யார் இது என்பது போல ராஜாம்பாளைப் பார்த்தார். பிறகு கவலையோடு, "பொழுது போயிடுச்சே, வாணி பள்ளிக்கூடம் வுட்டு வந்துட்டாளா?" என்று கேட்டார்.

வாணி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"காத்தாலேர்ந்து என்னாண்டயே இதத்தான் கேக்குறாருக்கா. நான்தாம்பா வாணின்னு சொன்னா, நீ யாரும்மா, வாணி சின்னப் பொண்ணுன்றாரு. நான் ஊட்டுன சோறு பூராத்தையும் துப்பிட்டாரு."

"போட்டோல சிரிச்சிக்கினு இருந்தாரேடி."

"ரெட்ட சட போட்டுக்கினு ஒரு புள்ள அந்தப் பக்கம் போச்சு. அதப் பாத்துச் சிரிச்சாரு. அது எனக்கு இல்லக்கா."

ராஜாம்பாள் நின்ற இடத்திலேயே நின்றாள். இத்தனை நாளும் எந்தப் பெயரைக் கேட்டு வெந்தாளோ, அந்தப் பெயருக்குரியவளுக்கும் அதில் ஒன்றும் மிச்சமில்லை. அவர் தேடுவது ராஜாம்பாளே தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிய குழந்தையை. ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்கியவளை அவர் அறியவே இல்லை.

சொல்லாமல் வைத்திருக்க அவளால் முடியவில்லை.

"அவரு சாயங்காலம் கெளம்புவாருன்னு எனக்குத் தெரியும் வாணி. தெனமும் கெளம்புவாரு. அதுக்குத்தான் தாப்பா போட்டேன். நேத்து உன்னாண்ட வேணும்னுதான் சொல்லல."

வாணி நிமிர்ந்தாள். "ஏங்க்கா?"

"பொறாம. உன் பேரச் சொல்றாரு. எம்பேர ஒரு தடவ சொல்லல."

வாணி எழுந்தாள். அக்காவை அடிக்க வருகிறாள் என்றுதான் அய்யப்பன் நினைத்தார். அவள் திரும்பிச் சுவரோரம் போய், பள்ளத்தைப் பார்த்தபடி நின்றாள். கீழே எவ்வளவு ஆழம் என்பதை அவளும் பார்த்திருக்க வேண்டும். தோள் குலுங்கியது. அந்த மூன்று பெண்களும் மக்காச்சோளத் தட்டைக் கட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்கள். வாணி திரும்பி வந்தபோது குரலில் கோபம் அடங்கியிருக்கவில்லை.

"அவரு செத்துருந்தா உன்ன மன்னிச்சிருக்க மாட்டேன்க்கா."

"நானும் மன்னிச்சிருக்க மாட்டேன்."

"உன்ன அம்மான்றாரு. பயந்தா உன்னத்தான் தேடுறாரு. அதுக்கு மேல இன்னா பேரு வேணும் உனக்கு? காத்தால அவரு எம்மா எம்மான்னு அழுதப்ப எனக்கு எவ்ளோ எரிஞ்சிது தெரியுமா? எனக்கும் நீதான அம்மா. நானும் உன்னத்தான தேடுனேன்."

ராஜாம்பாள் ஒரு கையை நீட்டினாள். வாணி அதற்குள் புதைந்துகொண்டு, சின்ன வயதில் அழுதது போலவே சத்தம் போட்டு அழுதாள். இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு அப்பா, பஸ் ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று அய்யப்பனிடம் விசாரித்தார்.

கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலுக்குத் தையல் போட்டு ஊசி போட்டார்கள். அன்று எல்லோரும் வாணி வீட்டிலேயே தங்கினார்கள். ராஜாம்பாள் அவருக்கு எதையெல்லாம் எப்படிச் செய்ய வேண்டும் என்று தங்கைக்குச் சொல்லத் தொடங்கினாள். எந்தப் பக்கம் உட்கார்ந்து ஊட்டினால் வாங்குவார், குளிக்கும்போது ஏன் தலையில் முதலில் ஊற்றக் கூடாது, பஸ்ஸை எப்படித் தாமதப்படுத்துவது. சொல்லச் சொல்ல, இவ்வளவையும் தனியாகச் சுமந்திருக்கிறாளே என்று வாணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி பள்ளி விடுமுறை நாளெல்லாம் கீழே வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகவும், அந்த நாட்களில் அக்கா தூங்க வேண்டும் என்றும் சொன்னாள். அம்மா என்ற அந்த இடத்தையும் பங்கு போட வேண்டுமா என்று ராஜாம்பாளுக்குள் பழைய நெருப்பு ஒரு கணம் தலை தூக்கியது. பிறகு சரி என்றாள்.

காலையில் வாசலில் நல்ல வெயில். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஒருத்தி கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி முகம் துடைத்துவிட்டாள். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்று அவருக்கு அம்மாவும் நினைவில் இல்லை, வாணியும் நினைவில் இல்லை.

"யாரு வூட்டுப் பொண்ணுங்கம்மா நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

ராஜாம்பாள்தான் பதில் சொன்னாள்.

"கண்டக்டரு கொளஞ்சியப்பன் வூட்டுப் பொண்ணுங்க."

அவர் அந்தப் பெயரை எங்கேயோ கேட்டது போல யோசித்தார். தன் காலைப் பிடித்திருந்த கையையும், முகம் துடைத்த கையையும் பார்த்தார்.

"குடுத்து வெச்சவன்" என்றார்.