சுவிட்ச்சின் மேல் தூசி

காலை 6.10. மகாபலிபுரத்துக்குத் தெற்கே, இறால் குஞ்சுப் பொரிப்பகத்தின் குளோரின் அறையில் தொழிலாளி துரை குப்புறக் கிடந்தான். வாயு கசிந்திருந்தது. சைரன் ஒலிக்கவில்லை.

7.40. சப்-இன்ஸ்பெக்டர் சங்கரி வந்து இறங்கியபோது சைரன் அலறிக்கொண்டிருந்தது. முதலாளி ஆளைக் கைகாட்டிவிட்டார். ஷிஃப்டில் இருந்த வேண்டா என்ற பெண். அவள்தான் சைரனை நிறுத்தினாளாம்.

"நான் ஒண்ணும் நிறுத்தல மேடம். போன வாரம் பூரா சும்மா சும்மா கத்திகினு கெடந்துச்சு. திங்கக்கெழமலேர்ந்து கப்சிப்."

"இப்ப கத்துதே?"

"ஏழு மணிக்கு மேல அதுவா ஆரம்பிச்சிது."

சங்கரி சுவிட்ச்சைப் பார்த்தாள். அதன் மேல் கலையாத தூசி.

11.15. பொத்தேரி. சைரனுக்கு மென்பொருள் எழுதிய கிருபாகரன் திரையைக் காட்டினான். அபாய அளவு: ஒன்று. வாயு அதைத் தாண்டினால் சைரன் ஒலிக்கும்.

"இந்த எண்ணை யாராவது மாத்தினாங்களா?"

"தெரியாது மேடம். எல்லா ஃபைலையும் கிட்னு ஒரு மென்பொருள் பதிவு பண்ணும். யாரு, எப்போ, எந்த வரி, எல்லாம். இந்த எண் இருக்கிற ஃபைல் மட்டும் இக்னோர் லிஸ்ட்ல இருக்கு. கிட் கண்டுக்காது."

போலீஸில் சேருமுன் மூன்று வருடம் இதே வேலை பார்த்தவள் சங்கரி. அதைச் சொல்லவில்லை.

"சர்வர்ல இருந்து ஒரு புதுப் பிரதி குடுங்க."

தாராளமாகக் கொடுத்தான்.

3.30. செங்கல்பட்டு காவல் நிலையம். வேண்டா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கிருபாகரன் நாற்காலியில்.

"கிட் கண்டுக்காத ஃபைல் புதுப் பிரதியில வராது. இது வந்திருக்கு. உள்ளே அளவு நாற்பது."

சங்கரி மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள்.

"இக்னோர் லிஸ்ட் புது ஃபைலைத்தான் வெளியே நிறுத்தும். ஏற்கெனவே பதிவுல இருக்கிறதை விடாது. இது மார்ச்லயே ஏறினது. திங்கட்கிழமை 10.02க்கு லிஸ்ட்ல சேர்த்தீங்க. 10.09க்கு எல்லா மாற்றத்தையும் ஒரே கட்டளையில பதிஞ்சீங்க. ஒண்ணு நாற்பதான மாற்றமும் உங்க பேர்லயே ஏறிடுச்சு. துரை செத்ததும் உக்காந்த இடத்துலேர்ந்தே சைரன்ல திருப்பி ஒண்ணாக்கினீங்க. அதைப் பதியல. சைரன் கத்த ஆரம்பிச்சுது."

"இன்னொரு வாட்டி பொய்யா கத்தினா வேற ஆளைப் பாத்துக்கறேன்னாரு முதலாளி, மேடம்..."

சங்கரி எழுதி முடித்தாள். வேண்டாவிடம் திரும்பினாள். "நீ வூட்டுக்குப் போலாம்."

வேண்டா எழுந்திருக்கவில்லை.

"நான்தான் கொன்னேன்னு படாளத்துல துரை பொஞ்சாதி மண்ண வாரித் தூத்திகினு கீறா. நான் சொன்னா நம்புவாளா? நீ வந்து சொல்லு மேடம்."

சங்கரி தொப்பியை எடுத்துக்கொண்டாள்.