நீலாயதாட்சியின் நோட்டில் ஒரு வரி

காலை ஏழு இருபது. கோட்டுச்சேரிமேட்டு மீனவர் சங்கத்தின் பொதுக் கிடங்கைத் திறந்ததும் நீலாயதாட்சி முதலில் செய்த வேலை, எழுதுவது. கதவோரத்து ஆணியில் ஒரு முழக் கயிற்றில் தொங்கிய நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, பூச்சுக் காணாத சிமென்ட் கல் சுவரோடு அழுத்தி, '7.20, திறந்தேன்' என்று பென்சிலால் குறித்தாள்.

போன வருடம், 2007இல், மார்பில் வந்த கட்டிக்காகப் புதுச்சேரியில் ஆறு முறை கீமோ ஏற்றிக்கொண்டு வந்ததிலிருந்து இப்படித்தான். முடி திரும்பி வந்துவிட்டது. விரல் நுனி இன்னும் மரத்தே கிடந்தது. ஞாபகமோ வருவதும் போவதுமாக இருந்தது. அலமாரியிலிருந்து வாசலுக்குப் பத்து அடி நடப்பதற்குள் எடுத்த பொருள் எதற்கென்று நழுவிவிடும். அதனால் நின்ற இடத்திலேயே எழுதிவிடுவாள்.

வாசலில் சுப்பையன் நின்றான். "ஜி.பி.எஸ்ஸைக் குடுங்கக்கா. படகு ரெடி."

அலமாரியில் கருவி இல்லை. சுனாமிக்குப் பிறகு ஊருக்குப் பொதுவாக வந்தது அது ஒன்றுதான்.

முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். நேற்றைய தேதியின் கடைசி வரி பளிச்சென்று தெரிந்தது: 'மாலை 5.40. ஜி.பி.எஸ். சுப்பையன் வாங்கிப் போனார்.'

"நானா? நேத்து சாயங்காலம் நான் போலகத்துல மாமியார் வீட்டுப் பந்தியில உக்காந்திருந்தேன். நூறு பேர் பாத்திருக்காங்க."

கோணல்மாணலாக, அவள் எழுத்தேதான். எழுதிய நினைவு மட்டும் இல்லை. அதில் புதுமை என்ன? தான்தான் மறந்து எங்கோ வைத்துவிட்டோம் என்று நீலாயதாட்சி அரை மணி நேரம் கிடங்கு முழுக்கத் தேடினாள். பிறகு சுப்பையனிடம் கை நீட்டினாள். "உன் போனைக் குடு."

எட்டு மணிக்குச் சங்கத் தலைவர் பஞ்சநாதன் வந்தார். கூடவே செயலாளர் மணிவேல். பின்னால் பாதி ஊர்.

"யாருக்கோ குடுத்துட்டு யார் பேரையோ எழுதிட்டீங்கக்கா," என்றான் மணிவேல் இதமாக. "உங்க மேல தப்பில்ல. மருந்து பண்ற வேலை. சாவியைக் குடுத்துட்டு வீட்டுல நிம்மதியா இருங்க."

பஞ்சநாதன் தொண்டையைச் செருமினார். "பத்து மணிக்குக் கூட்டம் தங்கச்சி. அங்க வந்து சாவியை ஒப்படைச்சிடு."

"நான்தான் தொலைச்சேன்னு தெரிஞ்சா குடுக்கறேண்ணே. அதுவரைக்கும் இது திருட்டு."

"திருட்டுன்னா போலீஸ் வரணுமே," என்று சிரித்தான் மணிவேல்.

"வந்துக்கிட்டு இருக்கு தம்பி."

ஒன்பது ஐந்து. சிவப்புத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏட்டு சிவநாதன் உள்ளே நுழைந்தார்.

"பூட்டு?"

"உடைக்கல."

"சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட. ஒண்ணு சங்க ஆபீஸ்ல, மணிவேல்கிட்ட."

"கருவியைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ஞாபகம் இல்லைங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நீலாயதாட்சி திரும்பினாள். "இல்லாததை இல்லைன்னு சொன்னேன். இதுல சிரிக்க என்ன இருக்கு?"

ஏட்டு நோட்டை ஆணியிலிருந்து அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. சலித்துக்கொண்டு பிளேடால் கயிற்றை அறுத்தார். பக்கங்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் நின்ற நீலாயதாட்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆணியைப் பார்த்தாள். அறுந்த கயிற்றைப் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"ஏட்டையா, கூட்டத்துக்குப் போகலாம்."

பத்து மணி. சங்க ஆபீஸ். கண்ணாடி போட்ட மேசைக்குப் பின்னால் மணிவேல். மேசை மேல் நோட்டை விரித்து வைத்தாள் நீலாயதாட்சி.

"ஒன்பது மாசமா எழுதுறேன். எந்த வரியை வேணா பாருங்க. மணல் தூவுன மாதிரி புள்ளி புள்ளியா உடைஞ்சிருக்கும். சொரசொரப்பான சுவத்துல வச்சு எழுதுறதால அப்படி. இந்த ஒரு வரி மட்டும் வழவழன்னு ஓடியிருக்கு."

"அன்னிக்கு உக்காந்து மடியில வச்சு எழுதியிருப்பீங்க," என்றான் மணிவேல்.

"கயிறு ஒரு முழம். உக்காந்தா எட்டாது."

"அவுத்திருப்பீங்க."

"அவுத்தா திரும்பக் கட்டணுமே. இந்த மரத்த விரலை வச்சுக்கிட்டு நான் போடுறது இழுத்தா உருவிக்கிற சுருக்கு. ஏட்டையாவால அவுக்க முடிஞ்சுதா? அது வலை பின்னுற கை போட்ட முடிச்சு."

ஏட்டு மீசையைத் தடவினார்.

"என் எழுத்தைப் பாத்துப் பாத்து வரையணும்னா சாவகாசமா உக்கார ஒரு மேசை வேணும். கிடங்குல மேசை இல்ல. கிடங்குச் சாவியும் கண்ணாடி மேசையும் வச்சிருக்கிறது இந்த ஊர்ல ஒருத்தர்தான். ஞாபகம் நல்லா இருக்கறவங்க செய்யற தப்பு இது மணிவேலு. நின்ன இடத்துல எழுதலேன்னா எல்லாம் போயிடும்ங்கற பயம் உனக்கு இல்லையே."

மணிவேல் தலை குனிந்தான். "மீன் கிடைக்கிற இடத்தைக் குறிச்சுக்கலாம்னு நேத்து ராத்திரி என் படகுல எடுத்துட்டுப் போனேன். கை தவறிக் கடல்ல விழுந்துடுச்சு."

"அதை வந்து சொல்லக் கூடாதா?"

"மறந்திருப்பீங்கன்னு ஊரே நம்பும். நீங்களே நம்பிடுவீங்கன்னு நெனச்சேன்க்கா."

"அரை மணி நேரம் நம்பினேன்," என்றாள் நீலாயதாட்சி. "கருவி போனதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல. அந்த அரை மணி நேரத்துக்குத்தான்."

ஏட்டு மணிவேலைக் கையைப் பிடித்து எழுப்பினார். பஞ்சநாதன் சங்கடமாகக் கைகளைப் பிசைந்தார். "சாவி உங்கிட்டயே இருக்கட்டும். நடந்ததை மறந்துடு தங்கச்சி."

"அதுக்கு நான் ஒண்ணும் மெனக்கெட வேணாம்ணே. நாளைக்குத் தானா மறந்தாலும் மறந்துடும். அதனால இப்பவே, எல்லாருக்கும் முன்னாடி சொல்லிடுங்க."

"என்ன சொல்லணும்?"

"தப்பு என் மேல இல்லைன்னு."

பஞ்சநாதன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

நீலாயதாட்சி கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலண்ணே," என்றாள். "இன்னொரு தடவை."